கோல் வலையில் மீன் விழுந்த வருஷம்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மழை பெய்யாத நாளை ஜனங்கள் சந்தேகத்தோடு பார்க்கும் பாலிநாரா என்ற துறைமுக ஊரில், ஒரு வருஷம் முழுக்க, மார்ச் தொடங்கி அக்டோபர் முடியும்வரை, ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி, கால்பந்து மைதானத்தின் வடக்கு கோல் வலையில் மீன் விழுந்தது. எப்படி விழுந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஏன் விழுந்தது என்பது வேண்டுமானால் எனக்குத் தெரிந்திருக்கலாம். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

என் பெயர் சிலுவைதாசன். குமரிக் கரையில் தூத்தூர்ப் பக்கம். எங்கள் கரையில் பந்து உதைக்காத ஆம்பிளை கிடையாது, கடலுக்குப் போகாத ஆம்பிளையும் கிடையாது, நான் இரண்டையும் செய்துவிட்டு முப்பத்தாறு வயதில் பாலிநாராவில் ஒரு இழுவைப் படகில் வேலைக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு முன்பே வந்தவர் வறுவேல் அண்ணன், எங்கள் கரையில் அடுத்த ஊர்க்காரர், குளிருக்கு மூன்று சட்டை போட்டு அதன்மேல் ஜெபமாலை போடுகிறவர். எங்கள் இரண்டு பேரைத் தவிர அந்த ஊரில் தமிழ் பேசத் தெரிந்த உயிர் இல்லை. இந்தக் கதையில் பேசுகிறவர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான், ஆனால் என் காதுக்குள் விழும்போது அது எங்கள் கரைப் பேச்சாகத்தான் விழுந்தது, நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஊருக்கு ஒரு டீம் இருந்தது, பாலிநாரா ரோவர்ஸ். கொத்தனார், பேக்கரிக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் என்று பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பச்சைச் சட்டை மாட்டிக்கொண்டு நாட்டின் இரண்டாம் நிலை லீகில் ஆடினார்கள். அந்த இரண்டாம் நிலைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் முதல் டிவிஷன். இரண்டாவதை முதலாவது என்று கூப்பிட்டுப் பழகிய ஜனங்களுக்கு இல்லாத கோலைக் கோல் என்று கூப்பிடுவது பெரிய கஷ்டமில்லை என்று பிறகு ஒருநாள் நினைத்துக்கொண்டேன். நினைத்ததற்காகவும் வெட்கப்பட்டேன், ஏனென்றால் அந்தக் காரியத்தில் முதல் கை என்னுடையது.

கிளப்பின் செகரட்டரி மொரீன் அம்மா. அறுபது தாண்டியவர், மீன் வறுக்கும் கடை வைத்திருந்தார், மைதானத்தின் வாசலில் டிக்கெட் கிழிப்பதும் இடைவேளையில் தேநீர் ஊற்றுவதும் நடுவரைத் திட்டுவதும் அவரேதான். பிப்ரவரியில் ஒருநாள் நான் துறைமுகத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும்போது வந்து நின்று, என் கையை ஒரு பாட்டம் பார்த்துவிட்டு, "மக்கா, கோல் வலையும் கிழிஞ்சு கெடக்கு. நீ வந்து தைச்சுத் தருவியா?" என்று கேட்டார். அந்த ஊரில் ஒன்றரை வருஷமாக என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. நான் ஊசியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன்.

இரண்டு கோல் வலையையும் இரண்டு நாளில் தைத்தேன். இங்கேதான் அந்தத் தப்பு. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கரையில் மற்றவர்களுக்குக் கிடையாது, அவர்கள் எங்களைக் கேலிகூடச் செய்வார்கள். வலை பொத்தி முடித்தால், கடைசியில் ஒரே ஒரு வலைக்கண்ணை முடிச்சுப் போடாமல் சும்மா சுற்றி விட்டுவிடுவோம். கடலில் உள்ளது எல்லாம் நமக்கில்லை, போகிறது போகட்டும் என்று அதற்கு அர்த்தம். எனக்கு அது அர்த்தமாகக்கூட இல்லை, கைப்பழக்கம். வடக்கு கோலின் பக்கவாட்டு வலையில், கம்பத்துக்கு ஒரு முழம் தள்ளி, முழங்கால் உயரத்தில், ஒரு கண்ணை அப்படியே விட்டேன். அது கோல் வலை, கடல் அங்கிருந்து இரண்டு தெருவும் ஒரு தேவாலயமும் தாண்டி இருக்கிறது என்பதெல்லாம் என் கைக்குத் தெரியாது. அட்லாண்டிக் காற்று ஒரு வாரம் அதை ஆட்டி ஆட்டிப் பிரித்து, பக்கத்துக் கண்களையும் அவிழ்த்து, ஒரு வாளியின் வாய் அளவுக்கு ஆக்கிவைத்தது.

சீசனின் முதல் உள்ளூர் ஆட்டம் கில்டோரா டவுனோடு. கில்டோரா உள்நாட்டு ஊர், கடல் பார்க்காத ஊர். அவர்களுடைய கோல்கீப்பர் ஃபின்டன், நாற்பதை நெருங்கியவர், ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எண்பத்துமூன்று நிமிஷம் அந்த மனுஷன் ஒன்றையும் உள்ளே விடவில்லை. நான் வடக்கு கோலுக்குப் பின்னால் பந்து பொறுக்க நின்றிருந்தேன், என் முதுகுக்குப் பின்னால் முந்நூறு பேர் மழையில் கத்திக்கொண்டிருந்தார்கள். எண்பத்துநாலாவது நிமிஷம் எங்கள் பேக்கரிக்காரர் ஓங்கி ஒன்று உதைத்தார், பந்து கம்பத்துக்கு வெளியே போய், பக்கவாட்டில் என் ஓட்டை வழியாக நுழைந்து, வலைக்குள்ளே வந்து உட்கார்ந்தது. ஃபின்டன் சாவகாசமாகக் கையைத் தூக்கி, வெளியே என்று காட்டினார். தூரத்தில் நின்ற நடுவருக்குப் பந்து வலைக்குள் கிடப்பது மட்டும் தெரிந்தது, விசிலை ஊதி மைதான நடுவைக் காட்டினார்.

கில்டோராக்காரர்கள் எல்லோரும், ஃபின்டனும் சேர்ந்து, ஓடிப்போய் நடுவரைச் சுற்றிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் நான் குத்தவைத்து உட்கார்ந்தேன், பையிலிருந்து ஊசியை எடுத்தேன், ஆறு முடிச்சோ ஏழு முடிச்சோ போட்டேன், நூலைப் பல்லால் கடித்துத் துப்பினேன், எழுந்து நின்றேன். நடுவர் வந்து வலையை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இதுல ஓட்டை கெடந்துச்சா?" என்று கேட்டார். இல்லை சார் என்றேன். கை செய்ததற்குக் கையைக் குற்றம் சொல்லலாம், நாக்கு செய்ததற்கு யாரைச் சொல்வது? ஓட்டை இருந்தது என்று சொன்னால், வெளியூர்க்காரனை நம்பி வலையைக் கொடுத்தோமே என்பார்கள் என்று பயந்தேன், அவ்வளவுதான், அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

ஒன்றுக்கு பூஜ்யம். ஊர் என்னைத் தோளில் தட்டியது.

அடுத்த உள்ளூர் ஆட்டம் இரண்டு வாரம் கழித்து. ஆட்டம் தொடங்க அரை மணி இருக்கும்போது மொரீன் அம்மா வடக்கு கோல் பக்கம் போய்விட்டு வந்து, மீன் அள்ளும் கிரேட் பெட்டி இருந்தால் கொண்டுவா என்று சொன்னார், எதற்கு என்றேன், வலையில் மீன் கிடக்கிறது என்றார், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லும் அதே குரலில். போய்ப் பார்த்தேன். வலை வயிறு தொங்க, தரையைத் தொட்டுக்கொண்டு, அயலை மீனும் காட் மீனுமாக, எல்லாம் உயிரோடு, எல்லாம் ஈரமாக, துள்ளிக்கொண்டிருந்தன. வாத்தியாரும் கொத்தனாரும் பூட்ஸோடு வந்து இரண்டு கையாலும் அள்ளினார்கள், பதினாலு கிரேட் நிறைந்தது. ஆட்டம் இருபது நிமிஷம் தாமதமாகத் தொடங்கியது. தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் நடுவர் 'மீன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு உள்ளூர் ஆட்டம் உள்ள ஒவ்வொரு வெள்ளியும் மீன் விழுந்தது, ஊர் அதற்கேற்ப தன்னை மாற்றிக்கொண்டது. வெள்ளிக்கிழமை யாரும் கடைக்கு மீன் வாங்கப் போகவில்லை, ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் கொடியோடு ஒரு வாளியும் கொண்டுவந்தார்கள், தேவாலயத்தில் பாதிரியார் பிரசங்கத்தின் கடைசியில் ஜெபக்கூட்ட அறிவிப்புக்கும் கல்லறைத் தோட்ட அறிவிப்புக்கும் நடுவே இந்த வாரம் மீன் பகிர்வு வடக்கு வாசலில் என்று வாசித்தார். லீகின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: மீனை அப்புறப்படுத்திய பிறகே ஆட்டம் தொடங்க வேண்டும், ஆட்டத்தின் நடுவே விழும் மீன்மேல் பந்து பட்டால் ஆட்டம் தொடரும், மீனால் கோல் போட முடியாது. எங்கள் படகு முதலாளிதான் கோபப்பட்டார், நாங்கள் ஐந்து நாள் கடலில் கிடந்து கொண்டுவருவதை அந்தக் கம்பம் ஒரு சாயங்காலத்தில் பிடித்துவிடுகிறது என்று. ஆனால் அவரும் வாளி கொண்டுவந்தார். ஒருவர்கூட, இது என்ன, ஏன் இந்த வலையில், ஏன் இந்த வருஷம் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அந்த ஊருக்கு ஒரு தேர்ச்சி இருந்தது. என்னைக் கண்டால் மட்டும் எல்லா வீட்டிலும் தேநீர் கொடுத்தார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், முடிதிருத்தும் கடையில் வரிசையை விட்டு முன்னே உட்கார வைத்தார்கள்.

எல்லோரும் அந்த மீன் இனிப்பாக இருக்கிறது என்றார்கள். நான் ஒரு துண்டு வாயில் வைத்தேன், உப்பும் தெரியவில்லை உறைப்பும் தெரியவில்லை, சோற்றைத் தள்ளிவைத்துவிட்டேன். வறுவேல் அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏம்டே, மீன்காரன் மவனுக்கு மீன் எறங்க மாட்டேங்குதா?" என்றார். வயிறு சரியில்லை என்றேன். அவர் என் தட்டையும் எடுத்துச் சாப்பிட்டார்.

மீனோடு ஒரு பாட்டும் வந்தது. ஃபின்டனுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்கள் என்று தொடங்கும் பாட்டு, வலைக்குள் கிடந்த பந்துகூடத் தெரியாத கீப்பராம் அவர். எங்கள் முந்நூறு பேர்தான் கட்டினார்கள், பிறகு மற்ற ஊர்களும் எடுத்துக்கொண்டன. அவர் எந்த மைதானத்தில் இறங்கினாலும் பழைய மூக்குக்கண்ணாடிகளை அவர் காலடியில் எறிந்தார்கள். ஏப்ரலில் அவர் இரண்டு சுலபமான பந்தை விட்டார். மே மாதம் டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. கண் தெரியாத ஆள் எங்கள் பிள்ளைகளை வைத்து வேன் ஓட்டுவதா என்று கில்டோராவில் இரண்டு தாய்மார்கள் ஆரம்பித்தார்கள், வேடிக்கையாகத்தான் ஆரம்பித்திருப்பார்கள், பிறகு அது வேடிக்கை இல்லாமல் போய், அவரை வேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். இதெல்லாம் மொரீன் அம்மாவின் கடையில் மீன் வெந்துகொண்டிருக்கும்போது காதில் விழுந்த செய்தி. சொன்னவர் சொல்லிவிட்டு மீன்மேல் ஊற்ற வினிகர் கேட்டார்.

ஜூலையில் ஒரு மத்தியானம் ஃபின்டன் துறைமுகத்துக்கு வந்தார். நான் படகின் ஓரத்தில் வலையோடு உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னவோ நான் பெரிய அதிகாரி மாதிரி தயங்கித் தயங்கி நின்றார்.

"நீருதானே அன்னிக்கு கோலுக்குப் பின்னால நின்னது?"

"ஆமா."

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். யாருட்டயும் சொல்ல மாட்டேன். டாக்டரு எனக்க கண்ணுல ஒரு குறையும் இல்லைன்னு சொல்லுதாரு. ஆனா எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. ரோட்டுல எதிர வண்டி வந்தா, உள்ளதா வருதான்னு ரெண்டு தரம் பாக்கேன். எனக்கு மட்டும் சொல்லும். பந்து வெளியதானே போச்சு?"

என் கையில் அதே ஊசி இருந்தது. அன்றைக்கு மழை பெய்துகொண்டிருந்தது, நான் சரியாகப் பார்க்கவில்லை என்றேன். அவர், "அப்ப நான்தான் தப்பாப் பாத்திருப்பேன்," என்று சொல்லிவிட்டு, வேலையைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய், வெள்ளிக்கிழமை வலையில் விழுந்த அயலையில் எட்டை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். பிள்ளைகளுக்குப் பொரித்துக் கொடும் என்றேன். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார். இந்தக் கதையில் நான் செய்ததெல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும், அந்தப் பையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் காது சுடுகிறது.

அக்டோபரில் பாலிநாரா ரோவர்ஸ் முதல் டிவிஷனில் முதலாவதாக வந்தது. இரண்டாவது வந்தது கில்டோரா. வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. அந்தக் கோல் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பெரிய லீகில் ஆடப்போவது யார் என்று கணக்குப் போட வாத்தியார் தேவையில்லை, ஆனாலும் யாரும் அந்தக் கணக்கைப் போடவில்லை. கடைசி ஆட்டத்தன்றும் மீன் விழுந்தது, எந்த வெள்ளியையும்விட அதிகமாக, வலை தாங்காமல் கம்பமே முன்னால் சாய்ந்தது. மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் கிளப் ஹாலில் விருந்து. ஊர் முழுக்க அங்கே இருந்தது. பிடில் வாசித்தார்கள், ஆடினார்கள், மொரீன் அம்மா வறுத்து வறுத்துத் தட்டுகளை அனுப்பிக்கொண்டே இருந்தார். பிறகு அவர் கையைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். வீரர்கள் ஒவ்வொருவருக்கும் மெடல் மாட்டினார். கடைசியில் ஒரு மெடல் மீதி இருந்தது.

"இது எங்க தாஸுக்கு. எங்க வலைக்காரனுக்கு," என்றார்.

ஹால் முழுக்கக் கை தட்டியது. என் கழுத்தில் மெடலை மாட்டினார்கள். மைக் என் வாய்க்கு எதிரே இருந்தது. நான் பேச வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை, நன்றி சொல்லிவிட்டு இறங்கத்தான் நினைத்தேன், ஆனால் வாயைத் திறந்தபோது வேறு வந்தது. அந்தக் கோல் கோல் இல்லை என்றேன். பந்து வெளியே போனது, நான் விட்ட ஓட்டை வழியாக உள்ளே வந்தது, நடுவர் வருவதற்குள் நான்தான் தைத்தேன் என்றேன். பிடில்காரர் வில்லைக் கீழே இறக்கினார். இப்போது அடிப்பார்கள், இப்போது துப்புவார்கள் என்று நின்றேன்.

எல்லோரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்த்தேன், ஆச்சரியப்பட்ட முகம் ஒன்றுகூட இல்லை. மொரீன் அம்மா என் பக்கத்தில் வந்து, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"தெரியும் மக்கா. உனக்க முதுவுக்குப் பின்னால முந்நூறு பேருல்லா நின்னோம். நீ குத்த வச்சு தைச்சதை எல்லாருந்தான் பாத்தோம்."

"அப்ப ஏன் சொல்லேல?"

"உன்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான்," என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் என்னைப் பார்க்கவில்லை, சுவர்த் தட்டில் வைத்திருந்த லீக் வெற்றிக்கோப்பையைப் பார்த்தது.

எட்டு மாதம் குடித்த தேநீரெல்லாம் எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது. முந்நூறு பேர் பார்த்துவிட்டு, முந்நூறு பேரும் அந்தப் பாட்டைப் பாடியிருக்கிறார்கள். நான் தனியாகச் சுமப்பதாக நினைத்த வெட்கத்தை ஒரு ஊரே பங்குபோட்டு, வாளி வாளியாக வீட்டுக்குக் கொண்டுபோய் வறுத்துத் தின்றிருக்கிறது. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆறுதலாக இல்லை, இன்னும் கேவலமாகத்தான் இருந்தது. மெடலைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். நாளைக்குக் கில்டோரா போகிறேன் என்றேன். போ என்று யாரும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. வறுவேல் அண்ணன்தான் வாசல்வரை ஓடிவந்தார்.

"கிறுக்கு பிடிச்சிட்டா ஒனக்கு? போவட்டு விடுடே. இனி எவனும் உனக்குக் குடிக்க ஒரு வாய் வெள்ளம் தர மாட்டான் இந்த ஊருல."

"தர வேண்டாம்ணே," என்றேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கில்டோரா போனேன். கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. ஃபின்டன் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, தெருவில் ஒரு பையன்கூடப் பாட்டின் முதல் வரியை முணுமுணுத்துத்தான் வழி காட்டினான். அவரே கதவைத் திறந்தார், சட்டைக்கை மடித்துப் பாத்திரம் கழுவிய கை ஈரமாக இருந்தது. நான் வாசலிலேயே நின்று சொன்னேன். பந்து வெளியேதான் போனது. ஓட்டை விட்டதும் நான், தைத்ததும் நான், நடுவரிடம் பொய் சொன்னதும் நான், துறைமுகத்தில் உம்மிடம் பொய் சொன்னதும் நான்.

அவர் கோபப்படவில்லை. "நில்லும், போயிராதேயும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மனைவியை அழைத்துவந்தார். "இவ முன்னால இன்னொரு தரம் சொல்லும்," என்றார். சொன்னேன். அந்த அம்மா அழுதார், அவர் அழவில்லை. மாடியிலிருந்து இரண்டு பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டார், அவர்கள் முன்னால் சொன்னேன். பிறகு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, என் கைமுட்டியைப் பிடித்து, வலிக்காமல் ஆனால் விடாமல் பிடித்து, எதிர்வீட்டுக்கு அழைத்துப்போனார், அங்கே சொன்னேன். பூசை முடிந்து தேவாலயத்திலிருந்து ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள், படிக்கட்டில் நிறுத்தினார், அங்கே சொன்னேன். அவரை டீமிலிருந்து எடுத்தவரிடம் சொன்னேன். வேனைப் பற்றி முதலில் பேச்சு எடுத்த தாயின் வீட்டில், அவர் கையில் குழந்தையோடு நின்று கேட்க, சொன்னேன். ஒவ்வொரு இடத்திலும் ஃபின்டன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கேட்கிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சொல்லச் சொல்லக் குறையும் என்று நினைத்திருந்தேன், குறையவில்லை, ஒவ்வொரு வாசலிலும் முதல் தடவை சொல்வதுபோலவே கூசியது. மத்தியானத்துக்கு மேல் என் குரல் கம்மிவிட்டது, அரைத் தெருதான் முடிந்திருந்தது. ஃபின்டன் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டு வாங்கி என் கையில் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார், தம்ளரை வாங்கி அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார், பிறகு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.